மையமில்லா வலையில் தேடல்: வெள்ளமுறையா, டிஹெச்டியா?

கணு_7: மையச் சர்வர் இல்லாத வலையில் கோப்பு தேட, கேள்வியை எல்லா அண்டைக் கணினிகளுக்கும் பரப்பும் வெள்ளமுறையை இன்னும் சிபாரிசு செய்பவர்கள் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000-இல் வந்த நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு வலையின் பாணியில் ஒவ்வொரு கணுவுக்கும் (வலையிலுள்ள கணினி) 4 அண்டைக் கணுக்கள், டிடிஎல் (கேள்வி எத்தனை தாவல் போகலாம் என்ற வரம்பு) 7 என்று வையுங்கள். ஒவ்வொன்றும் தனக்கு அனுப்பியதைத் தவிர மற்ற 3 கணுக்களுக்கும் அனுப்ப, 4, 12, 36 என்று பெருகி ஒரே கேள்விக்கு 4,372 செய்திகள் போகும். டிஹெச்டி என்பது சாவிப்படி பதிவுகளைக் கணுக்களிடையே பிரித்து வைக்கும் அட்டவணை; அந்த வகையான கடெம்லியாவில் 10 லட்சம் கணுக்கள் இருந்தாலும் சுமார் 20 படிக்குள் சாவி சிக்கிவிடும்.

அலை: அந்தச் சாவி கையில இருந்தாத்தானே! பெயர்ல ஒரு எழுத்து மாறினாலே, அதுலருந்து சாவியா கணக்கிடுற ஹேஷ் எண் மொத்தமா மாறிடும். பாதிப் பெயர் மட்டும் தெரிஞ்சவர் 160 பிட் சாவிக்கு எங்க போவார்? அதோட, வெள்ளமுறைக்கு மாற்று டிஹெச்டி மட்டுமில்ல. ரேண்டம் வாக்ல 32 நடையரை, அதாவது கணுவுக்குக் கணு குத்துமதிப்பா தாவுற கேள்விச் செய்திகளை அனுப்புங்க. 4 அடிக்கு ஒருமுறை கேட்டவர்கிட்ட "கிடைச்சாச்சா?"ன்னு விசாரிச்சு, ஆமான்னா நின்னுடுவாங்க. செய்தி வெள்ளமா பெருகாது.

கணு_7: பெயரைச் சொற்களாக உடைத்து, சொல்லுக்கு ஒரு சாவி வைத்தால் போயிற்று. இரண்டு சொல் தேடலில் முதல் சொல்லின் கணுவிடம் 1 லட்சம் பதிவுகள் இருக்கட்டும். பதிவுக்கு 20 பைட் என்றால் பட்டியல் 20 லட்சம் பைட். அதை அப்படியே அனுப்ப வேண்டாம். பதிவுக்கு 10 பிட் வீதம் புளூம் ஃபில்டர் (எது பட்டியலில் இருக்கிறது என்று சொல்லும், சில சமயம் இல்லாததையும் இருப்பதாகக் காட்டும் சுருக்கம்) கட்டி அனுப்பினால் 1.25 லட்சம் பைட்தான், பதினாறில் ஒரு பங்கு. இரண்டாம் சொல்லின் கணு தன்னிடம் பொருந்துவதைத் திருப்பி அனுப்பும். பொருந்தாதவற்றில் தவறாக நுழையும் சுமார் 1 சதவீதத்தை முதல் கணு வடித்துவிடும்.

அலை: எல்லாரும் தேடுற சொல் யார் தலையில விழுதோ அந்தக் கணு திணறிடும். அது திடீர்னு வலையை விட்டுப் போனா? கடெம்லியா மணிக்கொரு முறை மறுபதிவு செய்யச் சொல்றதே அதனாலதான். கோப்பு ஆயிரக்கணக்குல, அதுல ஒவ்வொரு சொல்லுக்கும் மறுபதிவுன்னா, தேடலை விடப் பராமரிப்புக்கே அதிகச் செய்தி போகும்.

மதகு: கோப்பு எவ்வளவு பரவியிருக்கிறது என்று இருவருமே கேட்கவில்லை. 100-இல் 1 கணுவிடம் இருந்தால் நடையர்கள் சராசரியாக 100 கணுக்களைத் தட்டினால் போதும். 10 லட்சத்தில் 10 பேரிடம் மட்டும் இருந்தால் 1 லட்சம் கணுக்களைத் தட்ட வேண்டும். ஆக, அரிய கோப்புகளை மட்டும் டிஹெச்டியில் பதியுங்கள், மற்றதை நடையர்களிடம் விடுங்கள். தேடலுக்குச் சொற்பப் பதில் வந்தவைதான் அரியவை. மறுபதிவுச் சுமையும் குறையும்.

கணு_7: அதை ஏற்கிறேன். ஆனால் நடையர்கள் தோற்கும்வரை டிஹெச்டியை நிறுத்தி வைக்காதீர்கள், அரிய கோப்பைத் தேடுபவர்தான் வீணாகக் காத்திருப்பார். சில டஜன் செய்திகளுக்குள் முடியும் தேடல் அது, இரண்டையும் ஒன்றாகவே தொடங்குங்கள்.