நம்ம ஊருக்கு செஸ் ஒலிம்பியாட் வந்தபோது உங்களுக்கு என்ன நடந்தது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

கரையோரம்:

2030 காமன்வெல்த் போட்டி ஆமதாபாத்தில் என்று முடிவானதிலிருந்து எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். கணவருக்கு அவ்வளவு சந்தோஷம். மாமனாரோ, "அந்தக் காசில் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு மைதானம் போடலாம்?" என்கிறார். என்னைக் கேட்டால் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. 2022இல் மாமல்லபுரத்தில், நாடுகள் அணி அணியாக மோதும் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அதை அருகில் இருந்து பார்த்தவள் நான். பெருமைப்பட்டதும் உண்மை, வயிறு எரிந்ததும் உண்மை.

நான் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஓர் ஊரில் ஆசிரியை. ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி, உக்ரைன் போரால் அங்கிருந்து மாற்றப்பட்டு, மார்ச் மாதம் நமக்குக் கிடைத்தது. ஜூலை 28 தொடக்க விழா. நான்கே மாதம்! அதற்குள் எங்கள் பள்ளியிலும் சதுரங்கப் போட்டி நடத்தச் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது மூன்று செட். ஒன்றில் கறுப்பு யானை ஒன்று தொலைந்துபோயிருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, சாக்பீஸ் துண்டை இங்க்கில் தோய்த்துக் காயவைத்து யானை இருக்கிற கட்டத்தில் நிறுத்தினாள். அதை நகர்த்தும்போதெல்லாம் விரலில் மை ஒட்டும். அந்தப் பிள்ளைதான் எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தாள்.

அந்த வாரம் பேருந்தில் போகும்போது சென்னை நேப்பியர் பாலத்தைப் பார்த்தேன். பாலம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருந்தார்கள். ஜனங்கள் வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அழகாகத்தான் இருந்தது. அடுத்த நிமிடமே, இந்தப் பெயின்ட் செலவில் ஒரு பங்கு போதுமே, எங்களுக்கு இருபது செட் வந்திருக்குமே என்று மனசு கணக்குப் போட்டது. அரசு ஒதுக்கிய தொகை 92 கோடி ரூபாய்க்கு மேல். அப்புறம் போட்டியின் சின்னமான அந்தக் குதிரை பொம்மை, வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்குமே 'தம்பி', அதைப் பார்த்ததும் பிள்ளைகள் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார்கள். அந்த முகங்களைப் பார்த்த பிறகு செலவைப் பற்றிப் பேசவும் வாய் வரவில்லை.

உங்களுக்கு எப்படி இருந்தது? உள்ளே போய்ப் பார்த்தவர்கள், வெளியே நின்றவர்கள், எல்லோரும் எழுதுங்கள்.

உளிச்சத்தம்:

டீச்சர், நான் மாமல்லபுரத்துக்காரன். கல் வேலை. எங்க அப்பா காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கிறோம்.

எங்கள் ஊருக்குப் பெரிய ஆட்கள் வருவது புதிது இல்லை. 2019 அக்டோபரில் பிரதமரும் சீன அதிபரும் வந்தார்கள். அப்போதும் கடையெல்லாம் மூடித்தான் இருந்தது. ஆனால் அது இரண்டு மூன்று நாளில் முடிந்த காரியம். செஸ் அப்படி இல்லை, இரண்டு வாரம். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் என் மனைவி சங்கு, சிப்பி மாலை, பாசிமணி விற்கிறாள். தார்ப்பாய் விரித்த தரைக்கடை. போட்டிக்கு முன்னாடியே வந்து, எடுத்துவிடு, முடிந்ததும் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். எங்கே போய்ப் போடுவது என்று கேட்டாள், பதில் இல்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் உட்கார்ந்து பழைய மாலைகளைப் பிரித்துத் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் எந்த மாதமும் வராத அளவுக்கு வந்த நேரத்தில் அவள் கடை இல்லை.

ஆனால் எனக்கு அதே இரண்டு வாரத்தில்தான் நல்ல வியாபாரம். இதை மறைத்தால் பாவம். ஆகஸ்ட் 4 ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு நாள். ஆப்பிரிக்க நாட்டு அணியைச் சேர்ந்த நாலு பேர் பட்டறைக்குள் வந்தார்கள். மாவுக்கல்லில் குதிரைத் தலை செய்துகொண்டிருந்தேன். பிடரி முடிந்திருந்தது, கண் இன்னும் திறக்கவில்லை. அவர்களில் ஒரு பையன் அதைக் கையில் வாங்கினான். என் பட்டறைத் தரையில் கல்தூள் படிந்திருக்கும். அதில் விரலால் கட்டம் கிழித்து, குதிரையை வைத்து, இரண்டு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினான். எனக்கு ஆட்டம் தெரியாது என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தான். கண் வைத்துத் தருகிறேன் என்று சைகை காட்டினேன். வேண்டாம், இப்படியே கொடு என்றான். கொடுத்துவிட்டேன். எங்கள் வழக்கப்படி கண் திறக்காத உருவத்தை வெளியே அனுப்பக்கூடாது. இது சாமி இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ராத்திரி பணத்தை மனைவியிடம் கொடுத்தபோது அவள் சந்தோஷப்படவில்லை. "என் இடத்தைப் பிடுங்கிவிட்டு உனக்குக் கொடுத்திருக்கிறார்கள்" என்றாள். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை. சாலை நன்றாக ஆனது, விளக்கு வந்தது, அதெல்லாம் சரி. ஆனால் ஓர் ஊரில் விழா நடத்துகிறவர்கள், அந்த ஊரில் தினமும் தரையில் உட்கார்ந்து பிழைக்கிறவர்களுக்கு இரண்டு வாரம் எங்கே இடம் என்பதையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

காத்திருக்கும் அம்மா:

என் மகன் செஸ்ஸில் ரேட்டிங் (தரப்புள்ளி) போட்டிகளுக்குப் போகிறவன். சனி ஞாயிறு என்றாலே ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பதுதான் என் வாழ்க்கை. அதனால் ஒலிம்பியாட் நடந்த பூஞ்சேரிக்கு எப்படியும் போயே தீரணும் என்று இருந்தோம். ஆகஸ்ட் 8, பத்தாவது சுற்று, அன்றைக்குத்தான் போக முடிந்தது.

பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த ஆட்டம் வேறு மாதிரி. கைதட்டக்கூடாது, பேசக்கூடாது, போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நூறு நூறு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் பெரிதாகக் கேட்கும். முதல் அரைமணி நேரம் எனக்கு எதுவும் புரியவில்லை. மகன்தான் காதோடு சொன்னான்: "அம்மா, ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாவையும் நடுவில் வைப்பாங்க, அதைப் பாரு. இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக் கட்டத்தில் நின்றால் கறுப்புக்கு." அதற்குப் பிறகு என் கண் ராஜாக்களையே தேடியது.

அன்றைக்கு நம் இளம் அணியும் உஸ்பெகிஸ்தானும். முதல் போர்டில், அதாவது முதல் மேசையில், நம் குகேஷும் அவர்களின் அப்துசத்தோரோவும். குகேஷுக்கு அப்போது 16 வயதுதான். முதல் எட்டு ஆட்டமும் வரிசையாக ஜெயித்து வந்திருந்தான், அமெரிக்காவின் கருவானா உட்பட. அன்றைக்கும் கை ஓங்கித்தான் இருந்தது. நேரம் குறையக் குறைய ஆட்டம் கையைவிட்டுப் போய்விட்டது. தோற்ற பிறகு அந்தப் பிள்ளை தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்த படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வெளியே வந்ததும் பக்கத்தில் ஒருவர், "ஜெயிச்ச ஆட்டத்தைக் கெடுத்துட்டான், தங்கம் போச்சு" என்று சத்தமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிட வேதனை, உள்ளே உட்கார்ந்திருந்தபோது நானும் அதையேதான் நினைத்திருந்தேன். பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் எங்கள் ஊர் ஆசையை எல்லாம் ஏற்றி வைத்துவிட்டு, அவன் சறுக்கினதும் கணக்குக் கேட்கிறோம்.

அடுத்த நாள் பெண்கள் அணிக்கும் இதே கதி. பட்டியலில் முதலிடத்தில் இருந்துகொண்டு கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோற்று, வெண்கலம். கோட்டைவிட்டார்கள் என்று பேசினார்கள். ஒலிம்பியாடில் இந்தியப் பெண்கள் வாங்கிய முதல் பதக்கமே அதுதான்! நம் அணியின் ஹரிகா நிறைமாதக் கர்ப்பத்தோடு ஆடினார். மேசைக்கும் நாற்காலிக்கும் நடுவில் அவர் எவ்வளவு சிரமப்பட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்று, பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். பெண்கள் பிரிவில் தங்கம் உக்ரைனுக்குப் போனது. சொந்த நாட்டில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது வந்து ஆடி ஜெயித்தார்கள். நம் அணி தோற்ற வருத்தத்திலும் அவர்களுக்காக நான் மனசாரக் கைதட்டினேன். நம் ஊரில் நடந்ததால்தான் இதை எல்லாம் என் மகனோடு சேர்ந்து பார்க்க முடிந்தது. அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது.

பழைய டெல்லிவாசி:

நான் சொல்வது 2010 கதை. அப்போது டெல்லியில் படித்துக்கொண்டிருந்தேன். காமன்வெல்த் போட்டிக்காக விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பர்கள் நாலு பேர் ஓர் அறையில் போய் ஒண்டினோம். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மைதானத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் அடிபட்டார்கள். சேரிகளை மறைக்கச் சாலையோரம் மூங்கில் தட்டி வைத்தார்கள். தட்டிக்குப் பின்னால் இருந்தவர்களில் நம்மூர்க்காரர்களும் உண்டு. ஒரு பாட்டி தட்டியின் இடுக்கு வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் பேச்சுக் கொடுத்ததும், "எங்களைப் பார்த்தா வர்றவங்களுக்கு என்னப்பா ஆகிடும்?" என்று கேட்டார்.

போகவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் அக்டோபர் 11 அன்று கிருஷ்ணா பூனியா வட்டு எறிதலில் தங்கம் வாங்கியதும், 1958இல் மில்கா சிங்குக்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவின் முதல் தங்கம் என்றார்கள். வெள்ளியும் வெண்கலமும்கூட நமக்கே. அறையில் இருக்க முடியவில்லை, மறுநாள் ஓடினேன். பெண்கள் 4x400 தொடர் ஓட்டம். கட்டையைக் கைமாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மைதானமே எழுந்து நின்றது. ஜெயித்தபோது முன்பின் தெரியாத ஒரு சர்தார்ஜி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன். தொண்டை கட்டி இரண்டு நாள் பேச முடியவில்லை. அந்த அணியில் ஓடியவர்கள் சிலர் அடுத்த வருடம் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது, எனக்கே யாரோ துரோகம் செய்தது மாதிரி இருந்தது.

மொத்தம் 101 பதக்கம், 38 தங்கம். அந்த எண்கள் இன்னும் மனப்பாடம். பாட்டியின் கேள்வியும் அப்படித்தான்.

மூன்றாவது போர்டு:

நான் செஸ் வகுப்பு எடுக்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2024இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டிலும் தங்கம், அதே வருடம் டிசம்பரில் குகேஷ் உலக சாம்பியன். இதெல்லாம் மாமல்லபுரத்தில் போட்ட விதை என்று பேசுகிறார்கள். அது சரியில்லை. குகேஷ் செஸ்ஸின் உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் ஆனது 2019இல், பிரக்ஞானந்தா 2018இல். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வேலையையும் தூக்கத்தையும் விட்டுக்கொடுத்து வளர்த்தார்கள். பயிற்சியாளர்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். விஸ்வநாதன் ஆனந்த் வழி காட்டினார். விழா நடந்த இரண்டு வாரத்துக்கு அந்தப் பெருமையைக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

விழா என்ன செய்தது என்றால், என் வகுப்பில் 14 பேராக இருந்தது அந்த ஆகஸ்டில் 50 ஆனது. அடுத்த ஏப்ரலில் 20. வந்தவர்களைத் தக்கவைக்க எனக்கு இடமும் இல்லை, உதவிக்கு இன்னொரு பயிற்சியாளரும் இல்லை. கூட்டம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும், வந்த பிறகு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. விளம்பரத்தில் யார் படம் இருக்க வேண்டும் என்ற சண்டை உயர் நீதிமன்றம் வரை போனது. அதில் காட்டிய அக்கறையில் கால்பங்கு இதில் காட்டியிருக்கலாம்.

ஆமதாபாத்துக்கும் இதைத்தான் சொல்வேன். நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் உலகத்தரம் என்பதைக் கண்ணால் பார்க்கட்டும். ஆனால் போட்டி முடிந்த மறு மாதத்துக்கும் அடுத்த ஐந்து வருடத்துக்கும் இப்போதே பணம் எடுத்து வையுங்கள்.

டீச்சர், அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இப்போதும் ஆடுகிறாளா?

கரையோரம்:

எல்லோரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உளிச்சத்தம் அண்ணா, அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மூன்றாவது போர்டு சார், அவள் இப்போது பதினொன்றாம் வகுப்பு, வேறு பள்ளி. வெளியூர்ப் போட்டிகளுக்கு அழைத்துப்போக வீட்டில் ஆள் இல்லை. நுழைவுக் கட்டணம், பஸ், தங்கும் இடம் எல்லாம் சேர்ந்தால் அவர்களால் முடியாது. அதனால் பெரிய போட்டி எதற்கும் போகவில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளிக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். நாங்கள் கூப்பிட்டு வரவில்லை, அவளாக வருகிறாள். செட் இன்னும் அதே மூன்றுதான். அந்தச் சாக்பீஸ் உடைந்து உடைந்து இப்போது வேறு சாக்பீஸ்.

உளிச்சத்தம்:

டீச்சர், அந்த யானையை நான் செய்து தருகிறேன். இன்னொரு யானை இருக்கிறதே, அதை அளந்து உயரம் எவ்வளவு, அடிப்பாகம் எவ்வளவு அகலம் என்று சொல்லுங்கள். கருங்கல்லிலேயே செய்கிறேன்.

கரையோரம்:

அளந்துவிட்டேன் அண்ணா. உயரம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி. அடிப்பாகம் ஒரு அங்குலத்துக்கு மேலே ஒரு நூல். கீழே ஏதாவது துணி ஒட்டித் தாருங்கள், போர்டு அட்டை, கீறிவிடும்.