பாப்புலர் வோட்டு: ‘மக்கள் வாக்கு’ போதுமா?

வணக்கம் ஆச்சி. ‘பாப்புலர் வோட்டு’ங்கிறதுக்கு, அதாவது நாடு பூரா ஜனங்க போட்ட ஓட்டோட மொத்தக் கணக்குக்கு, பேப்பர்லயே போடுறாங்க, தமிழ்ல ‘மக்கள் வாக்கு’ன்னே வச்சுக்கலாம்னு எழுதியிருந்தீங்க. எனக்கு மனசு ஒப்பலை. அமெரிக்காவுல ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்குற எலெக்டர்களையும் மக்கள்தானே ஓட்டுப் போட்டு அனுப்புறாங்க, அப்ப அதுவும் மக்கள் வாக்குதான். 2016ல ஹிலாரி கிளிண்டன் 28 லட்சம் ஓட்டுக்கு மேல கூட வாங்கியும் எலெக்டர் கணக்குல டிரம்ப் ஜெயிச்சார், இதை ‘மக்கள் வாக்குல ஜெயிச்சவர் தோத்தார்’னு எழுதுனா படிக்கிற பிள்ளை குழம்பிப் போகும்.

‘நேரடித் தேர்தல்’னும் வைக்க முடியாது, ஜனாதிபதியை ஜனங்களே நேரா தேர்ந்தெடுக்குற முறை அது, வேற விஷயம். பிரான்ஸ்ல இப்ப உள்ள குடியரசுல 1965லயும் இலங்கையில 1982லயும் ஆரம்பிச்சது அது. நமக்கு வேணுங்கிறது முறைக்குப் பேரு இல்ல, நாடு பூரா விழுந்த ஓட்டை ஒண்ணொண்ணா எண்ணுற கணக்குக்குப் பேரு. 2007ல மேரிலாந்து முதல்ல சேர்ந்த அமெரிக்க மாநிலங்களோட ஒப்பந்தத்தைப் பாருங்க, எலெக்டர் குழு அப்படியே இருக்கும், மொத்தம் 538 எலெக்டர்ல 270 வர்ற அளவுக்கு மாநிலங்க சேர்ந்துட்டா நாடு பூராவும் கூட ஓட்டு வாங்குனவருக்கே தங்க எலெக்டர்களைக் குடுத்துருவாங்க. அதைப்போய் நேரடித் தேர்தல்னு சொன்னா தப்பு.

எனக்கு முதல்ல தோணுனது ‘புள்ளிவாக்கு’. எங்க ஐயா பட்டாசாலையில உக்காந்து கோயிலுக்கு உள்ள குடும்பங்களை எண்ணுற புள்ளி நோட்டு எழுதுவாக, ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆயிட்டா புதுசா ஒரு புள்ளி ஏறும், இருக்கவுக இல்லாதவுக எல்லாரும் ஒரு புள்ளிதான். ராத்திரி படுத்து யோசிச்சப்பதான் உறைச்சுது, புள்ளிங்கிறது குடும்பக் கணக்கு, கல்யாணம் ஆகாதவுகளுக்கு அதுல இடமே இல்ல. அதோட இப்ப உள்ள பிள்ளைக புள்ளின்னா பாயிண்ட்னு நினைச்சு, 270 புள்ளின்னு எலெக்டர் பக்கம் கொண்டுபோயிரும். விட்டுட்டேன்.

அதனால ‘ஆள்வாக்கு’ன்னு வைக்கலாமா? ஆளுக்கு ஒண்ணு. எலெக்டர் பக்கம் ‘தேர்வாளர் வாக்கு’, ‘தேர்வாளர் குழு’. ‘எலெக்டோரல் காலேஜ்’ங்கிறதை அப்படியே மாத்துன ‘தேர்தல் கல்லூரி’ மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம். நம்ம ஜனாதிபதி தேர்தலுக்கும் பொருத்திப் பார்த்தேன்: 1971 ஜனத்தொகையை வச்சு தமிழ்நாட்டு எம்எல்ஏ ஒருத்தர் ஓட்டுக்கு மதிப்பு 176, இங்க தேர்வாளர் வாக்கு மட்டும்தான், ஆள்வாக்கே கிடையாது. ஜனங்க ஓட்டாலயே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கணும்னு அரசியல் நிர்ணய சபையில உறுப்பினர் கே.டி. ஷா கேட்டாரே, அது ஆள்வாக்கு. சொல்லிப் பார்க்க நல்லாத்தான் வருது.

ஒரே உறுத்தல், ‘ஆள்’னா ஆளுறதுன்னும் அர்த்தம் வருமே, ‘ஆள்பவர் வாக்கு’ன்னு யாராவது எடுத்துக்குவாகளா? இலக்கணம் தெரிஞ்சவுக நீங்கதான் சொல்லணும் ஆச்சி.