காந்தம் ஒட்டும் மூலையில் துரு இல்லை, ஒட்டாத இடத்தில் துரு! 304 தொட்டியில் என்ன கோளாறு?

கேள்வி:
மாங்காயை உப்பு நீரில் ஊறவைக்க 6 மி.மீ. 304 ரக எவர்சில்வர் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் ஒரு தொட்டி செய்து வாங்கினோம். நாலு மாதம்தான் ஆகிறது. வெல்டிங்கின் மேல் ஒன்றும் இல்லை, ஆனால் அதிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தள்ளி, இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி பழுப்பாக ஒரு கோடு. சந்தேகத்தில் காந்தம் வைத்துப் பார்த்தேன். தகட்டில் ஒட்டவில்லை, மடித்த மூலைகளில் மட்டும் நன்றாக இழுக்கிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில் 1:
காந்தத்தை வைத்துத் தகட்டைச் சந்தேகப்படாதீர்கள் சார். 304 மடிபடும்போது அந்த இடத்தில் ஆஸ்டினைட்டில் (காந்தம் ஒட்டாத அணு அடுக்கு) ஒரு பகுதி மார்ட்டன்சைட்டாக (காந்தம் ஒட்டும் அடுக்கு) மாறும், அதுதான் காந்தத்தை இழுக்கிறது. இந்த மாற்றத்தில் அணுக்களின் அடுக்கு மாறுமே தவிர அவை இடம்விட்டு இடம் ஓடுவதில்லை, அதனால் 18 சதவீதக் குரோமியமும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, துருவைத் தடுக்கும் மெல்லிய ஆக்சைடு படலமும் அங்கே உருவாகிறது. அதற்காக மூலை முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். மடித்த இடத்தில் இழுவிசை தங்கியிருக்கும், சுமார் 60 டிகிரிக்கு மேல் சூடான உப்பு நீர் பட்டால் விரிசல் விழலாம். உங்களுடையது குளிர்ந்த நீர்தானே, அந்தக் கவலை குறைவு.

பதில் 2:
விஷயம் அந்தப் பழுப்புக் கோட்டில்தான் இருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் 450 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் கொஞ்ச நேரம் கிடந்திருக்கும். அந்தச் சூட்டில் கார்பனும் குரோமியமும் சேர்ந்து உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் எல்லையில் (கிரெயின் பவுண்டரி என்பார்களே, அங்கே) கார்பைடாக உட்கார்ந்துகொள்ளும். 6 கார்பன் அணுவுக்கு 23 குரோமியம் அணு, எடைக் கணக்கில் 1 கிராம் கார்பன் 16 கிராமுக்கு மேல் குரோமியத்தை விழுங்கும். உங்கள் தகட்டில் 0.06 சதவீதம் கார்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது முழுக்கக் கார்பைடானாலும் போவது 1 சதவீதக் குரோமியம்தான். 18-இல் 1 போனால் என்ன என்று தோன்றும், எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கார்பன் சின்ன அணு, தூரத்திலிருந்தும் ஓடி வந்துவிடும்; குரோமியம் மெதுவாகத்தான் நகரும், பக்கத்தில் இருப்பது மட்டுமே வந்து சேரும். ஆக அந்த 1 சதவீதமும் எல்லையை ஒட்டிய மிகக் குறுகிய இடத்திலிருந்தே போகிறது, அங்கே குரோமியம் 12 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது, துருவைத் தடுக்கும் படலம் அங்கே சரியாக நிற்காது. உப்பும் புளிப்பும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

கேட்டவர்:
டெஸ்ட் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தேன், கார்பன் 0.06 என்றே இருக்கிறது! கிரைண்டர் வைத்துத் தேய்த்தால் போய்விடுமா?

பதில் 2:
அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். முதலில் பிக்லிங் பேஸ்ட் (கறையை அரித்து எடுக்கும் அமிலப் பசை) தடவி, நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள். வெல்டிங் போட்ட நிறக்கறையோ, இரும்புத்தூள் ஒட்டியதோ என்றால் அதோடு போய்விடும். அதே கோட்டில் மறுபடி வந்தால் கோளாறு தகட்டின் கனத்துக்குள்ளேயே இருக்கிறது, தேய்த்துப் பயனில்லை. 1050 டிகிரிக்குச் சூடேற்றிச் சட்டென்று தண்ணீரில் குளிரவைத்தால் கார்பைடு கரைந்துவிடும், ஆனால் செய்து முடித்த தொட்டி கோணிப்போகும். அந்தப் பட்டையை வெட்டி எடுத்துவிட்டு 316எல் (இன்னொரு ஸ்டெயின்லெஸ் ரகம்) தகடு வைத்து வெல்டிங் செய்வதுதான் நடக்கிற காரியம். எல் என்றால் கார்பன் 0.03-க்கு மேல் போகாது, 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு, உப்புக்கு அது தேவை.

பதில் 3:
அப்புறம், வெல்டிங்கின் மேலேயே காந்தம் லேசாக ஒட்டினால் அதையும் குறை என்று நினைக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் விரிசல் விடாமல் இருக்க, வெல்டிங் கம்பியிலேயே கொஞ்சம் ஃபெரைட் (இதுவும் காந்தம் ஒட்டும் அடுக்குதான்) வரும்படிதான் செய்திருப்பார்கள். வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு பாஸுக்கும் (வெல்டிங்கை ஒரு முறை ஓட்டுவது) நடுவில் தகட்டை ஆறவிடச் சொல்லுங்கள். 6 மி.மீ. தகட்டில் அடுத்தடுத்து ஓட்டினால் அந்தப் பட்டை அதே சூட்டிலேயே கிடந்து வேகும்.

கேட்டவர்:
பேஸ்ட் போட்டுக் கழுவிப் பத்து நாள் ஆகிறது. மூன்று இடத்தில் அதே கோடு திரும்பவும் வந்துவிட்டது. மூலைகள் பளபளவென்று இருக்கின்றன, காந்தமும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 316எல் தகட்டுக்குச் சொல்லிவிட்டேன்.