அம்மாவின் பிரெட்னிசலோன் குளிசையை நிறுத்தலாமா?

கேள்வி – உப்புவெளி
அம்மாவுக்கு 74 வயது. போன வருடம் தோளும் இடுப்பும் இறுகி, காலையில் கையைத் தூக்கித் தலை வாரக்கூட ஏலாமல் கிடந்தார். பாலிமையால்ஜியா ருமாட்டிகா (வயதானவர்களுக்குத் தோளும் இடுப்பும் இறுகி நோகிற அழற்சி வருத்தம்) என்று சொல்லி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை 15 மில்லிகிராமில் தொடங்கினார்கள், கொஞ்ச நாளிலேயே ஆள் எழும்பி நடந்தார். இப்போது 7.5இல் நிற்கிறார். ஆனால் முகம் ஊதிவிட்டது, கை எதிலாவது லேசாகப் பட்டாலும் கன்றிப்போகிறது, இரவில் நித்திரை இல்லை, கதிரையில் இருந்து எழும்ப ஆள் பிடிக்க வேண்டும். வருகிற சொந்தக்காரர் எல்லாம் "அந்தக் குளிசையை நிப்பாட்டு" என்கிறார்கள். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் – கிண்ணியா (தாதி)
தங்கச்சி, நீங்களாக நிறுத்தவே வேண்டாம். மூன்று கிழமைக்கு மேல் இதைக் குடித்தால், உடம்புக்குத் தேவையான ஸ்டீரொய்டைத் தானே சுரக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, பிரஷர் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. வாந்தியால் குளிசை வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எழும்ப முடியாதது நோ இல்லாமல் தொடைச் சோர்வு மட்டும் என்றால் மருந்தின் வேலையாக இருக்கலாம், காலையில் பழைய இறுக்கமும் நோவும் சேர்ந்து வந்தால் வருத்தம் திரும்புகிறது என்று பொருள். இரண்டில் எது என்று கவனித்து டொக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்பதே அதில்தான் இருக்கிறது. நித்திரைக்கு, குளிசையைக் காலைச் சாப்பாட்டோடு கொடுத்துப் பாருங்கள்.

பதில் – தம்பலகாமம்
எலும்புக்கு ஏதாவது தருகிறார்களா? என் அப்பா ஆஸ்துமாவுக்கு இதே குளிசையை வருடக்கணக்கில் குடித்தார், எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை, ஒருநாள் வாளியைத் தூக்கக் குனிந்தவருக்கு முள்ளந்தண்டு எலும்பு நசிந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் குடிக்கிற வயதானவர்களுக்கு கல்சியமும் விட்டமின் டியும் தேவை, பலருக்கு அலெண்ட்ரோனேட்டும் கொடுப்பார்கள். அது கிழமைக்கு ஒன்று, வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு, பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. நெத்தலி, குரக்கன் நல்லதுதான், ஆனால் அது மட்டும் காணாது.

கேட்டவர்
எலும்புக்கு ஒன்றும் இல்லை அண்ணா, கட்டாயம் கேட்கிறேன். சீனி பார்த்தோம், காலையில் வெறும் வயிற்றில் சரியாகத்தான் இருக்கிறது.

பதில் – கிண்ணியா (தாதி)
காலையில் குடிக்கிற பிரெட்னிசலோன் பின்னேரச் சீனியைத்தான் ஏற்றும், பகல் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்தும் பாருங்கள். கண்ணில் பிரஷரும் வெண்படலமும் வரலாம், கண் கிளினிக்குக்கும் ஒரு துண்டு கேளுங்கள். நோவுக்கென்று பார்மசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், இதோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து இரத்தம் கசியும். முக்கியமாக, புதிதாகத் தலையிடி, மெல்லும்போது தாடை நோ, பார்வை மங்கல் இதில் ஒன்று வந்தாலும் கிளினிக் திகதியைப் பார்க்காமல் அன்றைக்கே போங்கள், இந்த வருத்தக்காரர் சிலருக்கு தலை இரத்தக்குழாய் அழற்சி வந்து கண்பார்வையே போய்விடும்.

கேட்டவர்
சரி அக்கா, குளிசை தொடரும். நாளைக்கே கிளினிக்குக்குப் போய் திகதியை முன்னுக்கு எடுக்க முடியுமா என்று கேட்கிறேன்.