குடும்பக் குழு: செல்ஃப் எடுக்காத மோட்டார் சைக்கிள்

நான் (காலை 6.52)
மாமா, மூன்று கிழமைக்கு முன்னர் கைமாறி வாங்கிய மோட்டார் சைக்கிள் இன்றைக்கும் என்னை ஏமாற்றிவிட்டது. சாவியைப் போட்டால் நியூட்ரல் லைற் பளிச்சென்று எரிகிறது. செல்ஃப் பொத்தானை அழுத்தியதும் சீற்றுக்கடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து, மீற்றரிலுள்ள வெளிச்சம் முழுவதும் அணைந்து, மணிக்கூடு 1:00 என்று மாறிவிடுகிறது. கிக் இல்லாத வண்டி என்பதால் இரண்டாம் கியரில் போட்டு, தம்பி பின்னால் தள்ளித்தான் ஸ்டார்ட் ஆனது.

ஆரையம்பதி மச்சான் (6.58)
சந்தேகமே இல்லை, பற்றரி போய்விட்டது.

நான் (7.01)
பற்றரியைப் போன வெள்ளிக்கிழமைதான் மாற்றினேன், மச்சான். கராஜில் பார்த்தவரும் நீங்கள் சொன்னதையே சொன்னார். புதிய பற்றரியோடு இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது, மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. இப்போது ஸ்டார்ட்டர் மோட்டரையே மாற்ற வேண்டும் என்கிறார். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலுள்ள பாடசாலைக்கு மண்முனைப் பாலத்தால் தினமும் போய்வரும் எனக்கு, பாலத்தின் நடுவில் நின்றுவிட்டால் தள்ளுவதற்குத் தம்பியும் இருக்கமாட்டான்.

அம்மா (7.05)
பெயின்ற் மினுமினுப்பைப் பார்த்து மயங்காதே என்று அன்றைக்கே சொன்னேன்.

கல்லடி மாமா (7.40)
மருமகன், மோட்டருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். நியூட்ரல் லைற்றுக்கு ஓர் அம்பியரின் சிறு பங்கு போதும், ஸ்டார்ட்டர் மோட்டரோ பத்துக்கணக்கான அம்பியரை ஒரேயடியாக இழுக்கும். வயர் பொருந்தும் இடம் ஏதாவது பழுதாக இருந்தால், குறுகிய ஒழுங்கையால் சைக்கிள் போவதுபோல லைற்றுக்கான மின்சாரம் போய்விடும், ஆனால் நெல் மூட்டை ஏற்றிய உழவு மெசின் அந்த ஒழுங்கையில் இறுகி நிற்கும். தள்ளினால் ஸ்டார்ட் ஆவதற்கும் இதுதான் காரணம், ஏனென்றால் அப்போது பெரிய மின்னோட்டத்துக்குத் தேவையே இல்லை. பின்னேரம் மல்டிமீற்றரை எடுத்து டிசி 20 வோல்ற்றில் வைத்து, செல்ஃப் அழுத்தாமலும் அழுத்தியபடியும் பற்றரியின் இரு முனைகளிலும் பிடித்துப் பார்த்து எழுதுங்கள். சிவப்பு வயரை 10 அம்பியர் துளையில் செருகிவிட வேண்டாம். அப்படியே பற்றரியில் வைத்தால் அது நேரடி ஷோர்ட். குரல் பதிவும் அனுப்ப வேண்டாம், எனக்குக் காது கேட்பது குறைவு என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் (மாலை 4.35)
அழுத்தாதபோது 12.7 வோல்ற். அழுத்தும்போது 12.5. வண்டியின் மீற்றர் வெளிச்சம் வழமைபோல அணைந்துவிட்டது.

கல்லடி மாமா (4.41)
அந்த 12.5 என்ற எண்ணே விடயத்தைச் சொல்லிவிட்டது. செத்த பற்றரியாக இருந்தால் அழுத்தியவுடன் 9, 8 என்று விழுந்திருக்கும். பற்றரி தளராமல் நிற்கிறது, வண்டியோ இருண்டுவிடுகிறது என்றால், இரண்டுக்கும் இடையில் எங்கோ தடை இருக்கிறது. இனிக் கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸிலும், சிவப்பு முனையை எஞ்சினின் பெயின்ற் இல்லாத ஒரு போல்ற்றிலும் வைத்துக்கொண்டு, தம்பியைச் செல்ஃப் அழுத்தச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்குக் குறைவாக இருந்தால் எர்த், அதாவது மைனஸை வண்டியின் இரும்போடு சேர்க்கும் இணைப்பு, நல்லது.

நான் (4.58)
ஒரு கணம் 9 வரை ஏறி இறங்கியது, மாமா! மூன்று தடவை பார்த்தோம்.

ஆரையம்பதி மச்சான் (5.00)
என் தீர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

கல்லடி மாமா (5.04)
எர்த் வயரைக் கழற்றிப் பாருங்கள். பற்றரியில் முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். முறை மாறினால், பிளஸில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் இரும்புச் சட்டமான சேஸில் முட்டிப் பொறி பறக்கும்.

நான் (5.49)
மாமா, அம்மா சொன்ன மினுமினுப்பின் கீழேதான் எல்லாம் இருந்திருக்கிறது. எர்த் வயரின் வளையம் சேஸோடு பொருந்தும் இடத்தில், விற்றவர் அடித்த கறுப்புப் பெயின்ற் தோல்போல முழுதாக இருக்கிறது. அதாவது வளையம் இரும்பைத் தொடவேயில்லை, போல்ற்றின் புரியால் மட்டும் மின்சாரம் போயிருக்கிறது. அந்தப் புரியும் துருப்பிடித்து, வளையத்தின் உட்புறம் பாசிபோலப் பச்சை படிந்திருக்கிறது. இன்னொன்று, பியூஸ் பெட்டியைத் திறந்தால் 15 அம்பியர் பியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருக்கிறார்கள்.

கல்லடி மாமா (5.55)
அந்தத் தாளை இப்போதே எறிந்துவிட்டுப் புதிய 15 அம்பியர் பியூஸ் போடுங்கள். வெள்ளித்தாள் உருகுவதற்கு முன்னர் வயர் உருகும், அதன் மேல்தான் பெற்றோல் தாங்கி இருக்கிறது. பச்சை படிந்ததற்குக் காரணம் கடற்காற்றும் மாரி மழையும். வாவிக்குக் கிழக்கே, கடலோரமான எழுவான்கரையில் இரும்பும் செம்பும் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. பெயின்ற்றைச் சாண்ட் பேப்பரால் இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பின்னர் மேலே வாஸ்லின் பூசுங்கள். பூட்டுவதற்கு முன்னர் பூச வேண்டாம். பற்றரி மாற்றியவர் வயர்களை அசைத்ததால்தான் அந்த இரண்டு நாள் ஓடியிருக்கிறது.

நான் (6.47)
ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆகிவிட்டது! எஞ்சின்-மைனஸ் சோதனையில் இப்போது 0.2 தான் காட்டுகிறது, மணிக்கூடும் மாறவில்லை.

கல்லடி மாமா (6.50)
நல்லது. எஞ்சினைச் சற்று முறுக்கிப் பிடித்துப் பற்றரியில் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பழுது.

நான் (6.56)
14.1.

ஆரையம்பதி மச்சான் (7.02)
அப்படியென்றால் கழற்றிய பழைய பற்றரி எங்கே?

நான் (7.03)
கராஜிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அம்மா (7.04)
நாளைக்குக் காலையில் முதல் வேலை அதுதான்.

நான் (மறுநாள் காலை 8.20)
மூலையில் கிடந்தது, கேட்டதும் தந்துவிட்டார்கள். மல்டிமீற்றரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பார்த்தேன்: 12.6.