வாண்டாவிஷன்: தயிர் விளம்பரத்தில் வரும் அந்தப் பையன் யார்?

எடிட்_டேபிள் (மஞ்சக்குப்பம்):

தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இதைப் படிக்க வேண்டாம். முடிவு வரைக்கும் பேசப் போகிறேன்.

கடலூரில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஆடி மாதம் வேலை குறைவு என்பதால் மார்வெலின் வாண்டாவிஷன் தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். மந்திர சக்தி உள்ள வாண்டா, இறந்துபோன காதலன் விஷனை (மனித உருவ இயந்திரம்) திரும்ப உருவாக்கி, வெஸ்ட்வியூ என்ற ஊரையே தன் வசப்படுத்தி, அதற்குள் பழைய டிவி தொடர் மாதிரிக் குடும்பம் நடத்தும் கதை. நடுநடுவே கற்பனை விளம்பரங்களும் வரும். 2021 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று முதல் இரண்டு எபிசோடும் ஒன்றாக வந்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்து யார் வரப் போகிறார்கள் என்பதே எல்லோருக்கும் பேச்சு. காமிக்ஸ் சாத்தான் மெஃபிஸ்டோ வருவான், ஃபென்டாஸ்டிக் ஃபோர் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் வருவார், வாண்டாவின் இறந்துபோன அண்ணன் பியெட்ரோவாகக் கதவைத் தட்டியவன் எக்ஸ்-மென் படங்களின் உலகத்து ஆள்தான், இப்படி. கடைசியில் அந்தப் பியெட்ரோ, ரால்ஃப் போனர் என்ற உள்ளூர் ஆளாக முடிந்தான். மற்ற இருவரும் வரவே இல்லை. தொடர் நம்மை ஏமாற்றிவிட்டது என்று பலரும் கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபத்தில் உடன்பாடு இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் தொடர் விளம்பர இடைவேளையிலேயே சொல்லிக்கொண்டு வந்தது.

இந்த முறை விளம்பரங்களை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து நோட்டில் எழுதினேன். முதல் எபிசோடில் ஸ்டார்க் கம்பெனியின் ரொட்டி டோஸ்டர். கறுப்பு வெள்ளைக்கு நடுவே அதன் விளக்கு மட்டும் சிவப்பாக விட்டு விட்டு எரியும். வாண்டாவின் அப்பா அம்மா இறந்த சொகோவியா வீட்டில் வெடிக்காமல் கிடந்த குண்டிலும் ஸ்டார்க் பெயர்தான் இருந்தது. எட்டாவது எபிசோடில் அந்தக் குண்டைக் காட்டும்போது அதே சிவப்பு, அதே பீப் சத்தம். இரண்டாவதில் ஸ்ட்ரக்கர் கைக்கடிகாரம், மூன்றாவதில் ஹைட்ரா குளியல் பவுடர். இரண்டும் அவளை வைத்துப் பரிசோதனை செய்தவர்களின் பெயர்கள். ஐந்தாவதில் லாகோஸ் பேப்பர் டவல், 'தெரியாமல் சிந்திவிட்டீர்களா?' என்ற பாணியில். 2016இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' படத்தில் லாகோஸ் நகரத்தில் அவள் கைதவறி நடந்த வெடிப்பு அது. நான்கும் அவள் வாழ்க்கையில் நடந்த வரிசையிலேயே வருகின்றன. நான்கிலும் பெயர் பளிச்சென்று இருக்கிறது.

ஆறாவது எபிசோடில்தான் சிக்கல். யோ-மேஜிக் என்று ஒரு தயிர். களிமண் பொம்மைகளை வைத்து எடுத்த விளம்பரம். தீவில் ஒரு பையன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். சர்ஃபிங் செய்துகொண்டு வரும் சுறா ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மூடியைப் பிரிக்க அவன் படாத பாடு படுகிறான், வரவில்லை. அப்படியே வற்றி எலும்புக்கூடாகிறான். இதில் ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை, பழைய கம்பெனி எதுவும் இல்லை. இந்தப் பையன் யார்?

என் தியரியை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். லாகோஸுக்கு அடுத்து அவளுக்கு நடந்த பெரிய விஷயம், 2018இல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தின் வகாண்டா சண்டை. ஒரு கையால் வில்லன் தானோஸைத் தடுத்துக்கொண்டு மறு கையால், அவன் பறிக்க வந்த விஷனின் நெற்றிக்கல்லை உடைக்கிறாள். அவள் கையாலேயே விஷன் சாகிறான். தானோஸ் காலத்தைப் பின்னால் திருப்பி, அவனை உயிரோடு எழுப்பி, மறுபடி கொல்கிறான். அவள் வாழ்க்கையின் ஆகப் பெரிய துக்கம் அது. அதற்கு மட்டும் விளம்பரம் இல்லை என்றால் எப்படி? இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நினைவஞ்சலி வீடியோவும் செய்து கொடுப்பேன். குடும்பத்தார் ஒவ்வொரு போட்டோவுக்கும் பெயர், ஊர், வருஷம் எல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரி நாட்கள் வரும் இடத்தில் மட்டும், 'அங்கே ஒரு விளக்கு போட்டுடுங்க மேடம்' என்பார்கள். என் கம்ப்யூட்டரில் அதற்கென்றே ஒரு குத்துவிளக்கு கிளிப் இருக்கிறது. யோ-மேஜிக் வாண்டா போட்ட விளக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற விளம்பரங்களில் பெரும்பாலும் அதே ஆணும் பெண்ணும் மாறி மாறி நடிக்கிறார்கள். இதில் மட்டும் மனித முகமே கிடையாது, எல்லாம் பொம்மை. அதே எபிசோடின் கடைசியில் விஷன் வெஸ்ட்வியூ எல்லையைத் தாண்டப் பார்த்து, உடம்பு துண்டு துண்டாகப் பிய்கிறது. கையில் அவ்வளவு சக்தி இருந்தும் அவனைக் காப்பாற்ற முடியாததுதான் அந்தத் திறக்காத மூடி.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பழையகாமிக்ஸ்_பாண்டி:

அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மெஃபிஸ்டோவை அவ்வளவு சீக்கிரம் கழற்றிவிடாதீர்கள்.

அவன் பெயரை யாரும் வானத்திலிருந்து பிடுங்கவில்லை. காமிக்ஸில் வாண்டாவுக்கும் விஷனுக்கும் இரட்டைக் குழந்தைகள் பிறந்தது 1986இல். 1989இல் அந்தக் குழந்தைகள் மெஃபிஸ்டோவின் ஆன்மாவிலிருந்து உடைந்த துண்டுகள் என்று கதையை மாற்றினார்கள். அந்தக் கதையைப் படித்தவன் டிவியில் குழந்தைகள் பிறப்பதைப் பார்த்தால் வேறு யாரை நினைப்பான்? இரண்டாவது எபிசோடில் சாத்தான் நுணுக்கங்களில் இருக்கிறான் என்று ஊர்க்காரி டாட்டி சொன்னதும், 'அங்கே மட்டுமா இருக்கிறான்' என்கிறாள், பக்கத்து வீட்டு ஆக்னஸாக வேடம் போட்டிருக்கும் சூனியக்காரி அகாதா. தொடரே தூண்டில் போட்டது. எம்.ஜி. ரோடு சண்டே மார்க்கெட்டில் பழைய இதழ் ஒன்று கண்ணில் பட்டால் காலை டிபனைக்கூட விட்டுவிட்டு நிற்கிறவன் நான். அந்தத் தூண்டிலைக் கவ்வியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் 2025இல் ஐயன்ஹார்ட் தொடரில் வந்தும்விட்டான், சாஷா பாரன் கோஹன் உருவத்தில்.

சரி, தயிருக்கு வருகிறேன். என் கணக்கில் அது நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை, நடக்கப் போவதைச் சொல்கிறது. சுறா அகாதா, பையன் வாண்டா. ஒன்பதாவது எபிசோடில் வாண்டா வீசும் மந்திரத்தை எல்லாம் அகாதா உறிஞ்சுவாள் அல்லவா? அப்போது வாண்டாவின் கையையும் முகத்தையும் பாருங்கள். சதை வற்றி எலும்பு தெரியும். அந்தப் பையன் வற்றியதற்கும் அதற்கும் வித்தியாசமே கிடையாது. சிரித்த முகத்தோடு வந்து உதவுவது மாதிரிப் பேசிவிட்டுப் போகும் சுறா, பக்கத்து வீட்டு ஆக்னஸ் இல்லாமல் வேறு யார்?

எடிட்_டேபிள் (மஞ்சக்குப்பம்):

தம்பி, அந்தக் கை வற்றும் ஷாட் என் நோட்டில் இல்லை. இப்போதே போய்ப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது. ஒரு கேள்வி மட்டும். முதல் நான்கு விளம்பரங்களும் அவள் நினைவிலிருந்து வருகின்றன. நடக்கப் போவது அவளுக்கே தெரியாது, ஆக்னஸ் யார் என்பதே ஏழாவது எபிசோடு முடிவில்தான் தெரிகிறது. அப்படியானால் ஐந்தாவது விளம்பரம் மட்டும் எப்படி எதிர்காலம் சொல்லும்?

லாஸ்பேட்டை_ஃபார்மஸி:

இருவருமே ஏழாவது எபிசோடு விளம்பரத்தை விட்டுவிட்டீர்கள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அந்த விளம்பரம் நெக்ஸஸ் என்ற மன அழுத்த மாத்திரைக்கு. உங்களை உங்கள் நிஜத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும், இல்லையென்றால் உங்களுக்குப் பிடித்த நிஜத்துக்கு என்பார்கள். பக்க விளைவுகளின் பட்டியலில் 'உணர்ச்சிகளை உணர்வது', 'உண்மையை எதிர்கொள்வது' என்றெல்லாம் வரும். பல உலகங்களுக்கான கதவு இது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். நான் பார்த்தது வேறு. அந்த எபிசோடின் தொடக்கத்தில் வாண்டாவால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறாள். குழந்தைகளைக் கவனிக்க முடியாமல் ஆக்னஸோடு அனுப்பிவிடுகிறாள். பால் அட்டைப்பெட்டி கண்ணெதிரே மாறிக்கொண்டே இருக்கிறது. ஆசையாக ஜோடித்த வீடு அவள் பிடியில் நிற்கவில்லை. இது ஒரு நோயாளியின் ஒரு நாள். எழுதினவர்கள் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் நான் கோடு போடும் இடம் லாகோஸுக்கு அப்புறம். அதுவரை வந்த விளம்பரங்கள் அவளுக்கு நடந்ததைச் சொல்கின்றன. தயிரும் மாத்திரையும் இப்போது அவள் இருக்கும் நிலையைச் சொல்கின்றன. தயிர் டப்பாவில் இருப்பது உதவி. வெளியிலிருந்து வந்த அதிகாரி மோனிகா மூன்றாவது எபிசோடிலிருந்து அதைக் கொடுத்துப் பார்க்கிறாள், முதல் தடவையே வாண்டா அவளைச் சுவரை உடைத்து வெளியே எறிந்துவிடுகிறாள். ஏழாவதில் உயிரைப் பணயம் வைத்து மறுபடி உள்ளே வந்து பேசுகிறாள் மோனிகா. வாண்டா கொஞ்சம் இளகும் நேரத்தில் ஆக்னஸ் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். மூடி திறக்கவில்லை. மன அழுத்த மாத்திரையும் இன்று போட்டு நாளை வேலை செய்வதில்லை, பல வாரம் பிடிக்கும், அதற்குள் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். பையன் வாண்டாதான் என்பதில் தம்பியோடு ஒத்துப்போகிறேன். சுறாதான் அகாதா என்பதில் இல்லை.

திருப்பாப்புலியூர்_டீச்சர்:

எல்லோரும் வாண்டாவையே சுற்றி வருகிறீர்கள். அது ஒரு சின்னப் பையன் என்பதை யாரும் பார்க்கவில்லையே?

ஐந்தாவது எபிசோடில் விஷன் கேட்கிறான், இந்த ஊரில் ஏன் குழந்தைகளே இல்லை என்று. ஆறாவது எபிசோடில்தான் ஹாலோவீனுக்காகத் தெரு முழுக்கக் குழந்தைகள். பியெட்ரோவாக வந்தவன் வாண்டாவிடமே கேட்டுவிடுகிறான், இத்தனை நாள் இவர்களை எங்கே ஒளித்து வைத்திருந்தாய், படுக்கையில் நிம்மதியாகத் தூங்கினார்களா என்று. அதே எபிசோடில்தான் இந்த விளம்பரமும் வருகிறது. கடைசி எபிசோடில், டாட்டியாக நடித்துக்கொண்டிருந்த அம்மா கெஞ்சுவதைக் கேளுங்கள்: தன் மகளுக்கு எட்டு வயது, உங்கள் பையன்களோடு சேர்ந்து விளையாடட்டுமே என்று. விடுதலைகூட அவள் கேட்கவில்லை, மகளை அறையை விட்டு வெளியே விட்டால் போதும் என்கிறாள்.

எல்லிஸ் அவென்யூவில் ஒரு பெண் ஹாலோவீன் அலங்காரத்தைக் கொக்கியில் மாட்டிக்கொண்டே இருப்பாள். மாட்டுவாள், கை பழைய இடத்துக்கே வரும், மறுபடி மாட்டுவாள். உடம்பு அசையாது, கண்ணிலிருந்து நீர் மட்டும் வழியும். தொடர் முழுவதிலும் என்னால் மறக்க முடியாத காட்சி அதுதான். தயிர் டப்பாவைத் திறக்க முடியாத பையனின் கையும் அதே மாதிரிதான் போய்ப் போய் வருகிறது. வீடு, துணி, பண்டிகை எல்லாம் வாண்டா அந்த ஊருக்குக் கொடுத்திருக்கிறாள், யாராலும் அனுபவிக்க முடியவில்லை. அந்தப் பையன் வெஸ்ட்வியூவின் பிள்ளை.

எடிட்டர் மேடம், உங்கள் தியரியில் எனக்கு ஒரு தடை. லாகோஸும் அவள் கையால் நடந்ததுதானே? அதற்குப் பெயர் வைத்தவள் வகாண்டாவுக்கு ஏன் வைக்கவில்லை?

எடிட்_டேபிள் (மஞ்சக்குப்பம்):

டீச்சர், சரியான இடத்தில் பிடித்தீர்கள். ராத்திரி முழுக்க இதையே யோசித்தேன்.

லாகோஸ் விளம்பரத்தின் வாசகத்தைப் பாருங்கள், நீங்கள் செய்ய நினைக்காத குழப்பத்துக்கு இந்தப் பேப்பர் என்கிறது. அங்கே அவள் கை தவறியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று அவளால் சொல்ல முடியும், அதனால் பெயரும் சொல்ல முடிகிறது. வகாண்டாவில் கை தவறவில்லை. விஷன் கேட்டுக்கொண்டான், அவள் அழுதுகொண்டே தெரிந்துதான் செய்தாள். உன்னால் என்னைக் காயப்படுத்தவே முடியாது, உன்னை மட்டும்தான் உணர்கிறேன் என்றான் அவன். எட்டாவது எபிசோடில் அவன் உடலைக் கழற்றிப் போட்டிருக்கும் கூடத்தில் நின்று, நெற்றியில் விரல் வைத்து, உன்னை உணர முடியவில்லையே என்கிறாள். அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் இருப்பதற்கு எந்தக் கம்பெனி பெயரை எழுதுவாள்?

எல்லிஸ் அவென்யூ பெண்ணின் கையையும் அந்தப் பையனின் கையையும் நீங்கள் சேர்த்து வைத்தது எனக்குப் புதிது. அதைப் படித்தபின் ஊரை விட்டுவிட்டு வாண்டாவின் துக்கத்தை மட்டும் பேச முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பையன் ஊர்ப் பிள்ளை என்றால், சுறா யார் என்று சொல்ல வேண்டும். நானும் பசியில் கிடந்தவன்தான் என்று சொல்லித்தான் அது டப்பாவைக் கொடுக்கிறது. ஊருக்கு எல்லாம் கொடுத்தவள் வாண்டா, பெற்றோரையும் அண்ணனையும் விஷனையும் இழந்து அப்படிக் கிடந்தவளும் அவள்தான். உங்கள் வழியில் போனால் சுறாதான் வாண்டா ஆகிறாள். அதை ஏற்கிறீர்களா?

திருப்பாப்புலியூர்_டீச்சர்:

ஏற்கிறேன். கொடுத்துவிட்டு அது திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது, கவனித்தீர்களா? அவன் திறந்தானா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. கடைசி எபிசோடில் ஊரார் சூழ்ந்துகொண்டு, உன் கெட்ட கனவுதான் எங்களுக்கும் வருகிறது என்று கதறும் வரைக்கும் வாண்டாவுக்கும் தெரியாது. இவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

பழையகாமிக்ஸ்_பாண்டி:

டீச்சர், சுறா வாண்டாதான் என்றால் என் அகாதா தியரி போச்சு. ஆனால் அந்தக் கை வற்றும் ஷாட்டை யாராவது விளக்கும் வரை நான் விடுவதாக இல்லை.