செப்டம்பரில் நேர்காணல், நான் இருப்பதோ டொராண்டோவில்

ஒண்டிக்கடைக்காரன்:
வணக்கம். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஒரு செப்டம்பரில் ஓய்வு பெற்றவன். குடியிருப்பு ஏற்காடு, ஓய்வூதியம் சேலம் கருவூலம் வழியாக வங்கிக் கணக்குக்கு வருகிறது. மகளுக்கு ஆகஸ்டில் டொராண்டோவில் பிரசவம். நானும் வீட்டுக்காரம்மாவும் ஜூலையில் கிளம்பினால் பொங்கல் கழித்துத்தான் திரும்புவோம். ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறாரா என்று ஆண்டுதோறும் பார்க்கும் நேர்காணல் முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும், முடித்துவிட்டு நிம்மதியாக ஊர் சுற்றலாம். ஓய்வு பெற்ற மாதத்தில்தான் என்று 2022-இல் மாற்றிவிட்டார்கள். தெரிந்த ஏஜெண்டு ஒருவர், "பி.பி.ஓ. புத்தகத்தைக் கொடுத்துட்டுப் போங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று என் ஓய்வூதிய ஆணைப் புத்தகத்தைக் கேட்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஊருக்கெல்லாம் சான்று எழுதிக் கொடுத்தவன், நான் உயிரோடு இருப்பதற்குச் சான்று தேடி அலைகிறேன்! என்ன செய்யலாம்?

பழைய கருவூலத்தான்:
ஐயா, புத்தகம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும். ஏஜெண்டுக்கு இதில் வேலையே இல்லை.

வாழ்நாள் சான்றுப் படிவத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே ஒரு நோட்டரி, வங்கி அதிகாரி, மாஜிஸ்திரேட் அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கருவூலத்துக்கு அனுப்பலாம். டொராண்டோவில் நம் துணைத் தூதரகமே இருக்கிறது. தேதி செப்டம்பராக இருக்கட்டும், பி.பி.ஓ. எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். நான் பணியில் இருந்தபோது எண் இல்லாமல் வந்த சான்றுகளை வைத்துக்கொண்டு யாருடையது என்று தேடுவதே பெரிய பாடு. கிளம்புமுன் ஒருமுறை கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக் கருவூலத்துக்குப் போய் உங்கள் செல்போன் எண், ஆதார் இரண்டும் பதிவில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒருவேளை தாமதமாகி பென்ஷன் நின்றாலும் பணம் எங்கும் போய்விடாது. சான்று ஏறியதும் நிலுவையோடு வரும்.

மெல்போர்ன் அஸ்தம்பட்டி:
சார், தபாலுக்கு முன்னால், ஆதார் மூலம் இணையத்திலேயே வாழ்நாள் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமாணை முயன்று பாருங்கள். 2014-இல் வந்தபோது கைரேகைக் கருவி வேண்டும், எங்கள் அம்மாவுக்கோ ரேகை தேய்ந்துவிட்டது. 2021-லிருந்து முகத்தைக் காட்டினாலே போதும். ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் போனில் ஏற்ற வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கண்ணைச் சிமிட்டச் சொல்லும், அவ்வளவுதான். ஓ.டி.பி. வரும், ஆகவே இந்திய சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பென்ஷன் வழங்கும் அலுவலகத்தைத் தேர்வு செய்யும்போதும் கவனம், வேறொன்றைத் தொட்டுவிட்டால் சான்று அங்கே போய்ச் சேரும்.

அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம். மறுமணம் செய்தீர்களா என்று செயலி கேட்டதும், "இந்த வயசுல யாருடா கட்டிக்குவா?" என்று சிரித்ததில் முகம் பதிவாகவில்லை, மறுபடி எடுத்தோம்.

இரும்பாலை ரிட்டயர்டு:
எங்களுக்கு இ.பி.எஸ்., அதாவது பி.எஃப். அலுவலகம் தரும் பென்ஷன். எந்த மாதம் கொடுத்தாலும் அதிலிருந்து ஓராண்டுக்குச் செல்லும். பிளேன் ஏறுமுன் கொடுத்துவிட்டால் போதும். பணம் என்னமோ சொற்பம்தான், அது வேறு கதை.

ஒண்டிக்கடைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. செயலி, அது தகராறு செய்தால் தூதரகம். வங்கிக் கணக்கை என்.ஆர்.ஓ. ஆக்கச் சொல்கிறான் மருமகனின் தம்பி. தேவையா?

பழைய கருவூலத்தான்:
பேரக் குழந்தையைப் பார்த்துவிட்டு வருபவருக்கு எதற்கு ஐயா? அங்கேயே குடியேறினால்தான் அந்தக் கணக்கு. அதைவிட முக்கியம் பயணக் காப்பீடு. நம் ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு கனடா ஆஸ்பத்திரியில் செல்லாது.